ஓட்டோவில் ஏறிய அம்மன் மணி

அத்தியாயம் பதினாறு

போன வாரம் சிவசக்தியைப் பதுளை பஸ் நிலையத்தில் கொட்டும் மழைக்குள் விட்டுவிட்டு வந்தோம். அவள் நனைந்ததுதான் மிச்சம். புருஷன் துஷாந்த் இன்னமும் சிறைக்குள்ளேதான் இருக்கிறான்.

மிரட்டிக் கப்பம் வாங்கியதற்கு இரண்டு வருஷம். அந்தக் காசைத் தோட்டத்துக் கோயிலுக்கு நன்கொடையாகக் கொடுப்பதுபோல் கொடுத்து, பிறகு கோயில் கடன் என்ற பெயரில் திரும்ப எடுத்து வேன் வாங்கியதற்கு ஐந்து வருஷம். பணச்சலவை என்று அதற்குப் பெயர். ஒன்று முடிந்த பிறகுதான் மற்றது தொடங்கும் என்று நீதிபதி சொல்லிவிட்டார். ஆக, ஏழு.

எல்லாம் அந்தக் கொமியூனிகேஷன் கடையால் வந்த வினை. செல்போன் வந்து, வெளிநாட்டுக்குப் பேச வருகிற கூட்டம் குறைந்து, கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தான் துஷாந்த். பலகை விற்கிற மரக்காலை இராசமணி மட்டும் தவறாமல் வருவார். வெளிநாட்டில் இருந்த மகள் தர்மிளாவோடு கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று குரலைத் தாழ்த்திப் பேசுவார். கல்யாணம் ஆகாமல் மகள் வயிற்றில் பிள்ளை. அது வீட்டில் மனைவிக்குக்கூடத் தெரியாது. துஷாந்துக்குத் தெரிந்தது. அந்தப் பேச்சைக் கசெட்டில் பிடித்து வைத்துக்கொண்டு, வெளியே சொல்லிவிடுவேன் என்று காசு கறந்தான் என்பது பொலிஸ் சொன்ன கதை. "கடனாத்தான் கேட்டேன், கசெட்டை எவனோ கொண்டாந்து வச்சுட்டான்" என்பது துஷாந்த் சொன்ன கதை.

சிவசக்தி இரண்டாவது கதையைத்தான் நம்பினாள். கற்பூரத்தைக் கொளுத்தி, உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்தவனை எப்படி நம்பாமல் இருப்பது?

இன்றைக்கு அப்பீலுக்குக் கடைசி நாள். நீதிமன்றப் பதிவகம் மூடுவதற்குள் மனு உள்ளே போகவேண்டும். தவறினால் ஏழு வருஷமும் ஏழு வருஷம்தான்.

காலையில் முதல் ஆளாக லோயர் பிரசாந்தினியின் அறையில் போய் உட்கார்ந்தாள் சிவசக்தி. பிரசாந்தினிக்கு அப்பா வழி ஊர் யாழ்ப்பாணம், வளர்ந்தது பதுளை. அரசாங்கக் கச்சேரியில் வேலை பார்த்த அப்பாவிடமிருந்து கண்ணாடியும் கண்டிப்பும் அவளுக்கு வந்திருந்தன.

"சக்தி, நான் சொல்லுறதை வடிவாக் கேளுங்கோ. இந்த அப்பீல் முடியுமட்டும் உங்கட ஆக்கள் ஒருத்தரும் இராசமணி ஐயாவின்ர வாசல் பக்கம் போகக்கூடாது. மன்னிப்புக் கேக்கிறது, சமாதானம் பேசுறது, ஒண்டும் வேண்டாம். துஷாந்த் செய்யேல்லை எண்டுதான் நாங்கள் எழுதியிருக்கிறம். விளங்குதோ?"

"எங்க ஆளுங்க எதுக்கு மிஸ் அங்க போறாங்க?" என்றாள் சிவசக்தி.

சொல்லி வாய் மூடவில்லை, கைப்பைக்குள் போன் அடித்தது. ஹம்ஸியா. சிவசக்தியோடு ஸலீம் நானாவின் துணிக்கடையில் வேலை செய்கிறவள்.

"சக்தி, எங்க ஈக்கிறீங்க? உங்கட அத்தான் இப்பதான் எங்கட கடைக்கு முன்னால ஓட்டோவுல போறாரு. மடியில வெத்தில தட்டு. பக்கத்துல பெரிய மணி ஒண்டு."

"என்ன மணி?"

"கோயில் மணி. பூசாரியும் ஈக்கிறாரு. அந்த மனுசன் அழுவுறமாதிரி மொகத்தை வச்சிக்கிட்டு மணியைக் கட்டிப் புடிச்சிட்டு ஈக்கிறாரு."

"எந்தப் பக்கம் போறாங்க?"

"மரக்காலைப் பக்கம்."

சிவசக்தி போனைப் பைக்குள் போட்டாள். "என்ன விஷயம்?" என்று லோயர் கேட்டதற்குப் பதில் சொல்லாமலே படியிறங்கினாள். என்னவென்று சொல்வது? எங்கள் குடும்பத்தில் ஒரு பெரிய மனுஷன் இருக்கிறார், வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது அவருக்குக் கைவந்த கலை என்றா சொல்வது?

சிவசக்தி அத்தான் என்று கூப்பிடுகிற வீரய்யா, துஷாந்துக்கு அண்ணன். நாரங்கந்தைத் தோட்டத்தில் தொழிற்சங்கத் தலைவர், மாரியம்மன் கோயிலுக்கும் அவர்தான் தலைவர். கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் திட்டிவிட்டாவது நிம்மதியாக இருக்கலாம்.

தோட்டத்தில் ஒருவனுக்கு வேலை நிறுத்திவிட்டால், வீரய்யா அவனைச் சாயங்காலம் ஆபீசுக்குக் கூட்டிப்போவார். அவன் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். "பய தெரியாம செஞ்சுட்டான் தொரை, இந்த ஒரு தடவை மன்னிச்சிருங்க" என்பார். துரை கொஞ்சம் கத்துவார். மறுநாள் காலைப் பெரட்டில் வேலைக்கு அவன் பெயர் கூப்பிடப்படும். தொழிலாளர் லயத்தில் இரண்டு குடும்பத்துக்குள் சண்டை என்றால், குற்றம் செய்தவன் வெற்றிலை பாக்குத் தட்டோடு போகவேண்டும். எடுத்த பொருளைத் திருப்பிக் கொடுத்துத் தட்டை நீட்டவேண்டும். எதிராளி தட்டைத் தொட்டுவிட்டால் விவகாரம் முடிந்தது. ஆயுசு முழுக்க இப்படித்தான் அவர் ஊரைக் கட்டி மேய்த்திருக்கிறார். மேல் நீதிமன்றத்தையும் ஒரு பெரிய தோட்ட ஆபீஸ் என்றே அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

அந்த மணிக்கும் ஒரு கதை உண்டு. கையில் காசு புரண்ட காலத்தில் துஷாந்த் கோயிலுக்கு வாங்கிக் கொடுத்தது. "உபயம்: துஷாந்த்" என்று விளிம்பில் வெட்டியும் இருக்கிறது. வழக்கு நடந்த காலம் முழுவதும் அந்த மணி ஒருவர் வாயிலும் வரவில்லை. நீதிமன்றத்துக்கு அப்படி ஒரு மணி இருப்பதே தெரியாது.

சிவசக்தி மரக்காலைக்குப் போய்ச் சேர்ந்தபோது, பலகை அடுக்குகளுக்கு நடுவே கொழுந்து பறிக்கிற பெண்கள் இடுப்பில் கட்டுகிற படங்குத் துணி ஒன்று விரிக்கப்பட்டு, அதன்மேல் மணி உட்கார்ந்திருந்தது. பூசாரி பக்கத்தில் குந்தியிருந்தார். பலகை வாங்க வந்த ஆட்கள் வேலையை மறந்து வேடிக்கை பார்த்தார்கள். வீட்டுப் படியில் இராசமணி நின்றார். கீழே, இரண்டு கையாலும் தட்டை ஏந்திக்கொண்டு வீரய்யா.

"ஐயா, எங்க பய செஞ்சது தப்புதான். நாங்க இல்லேன்னு சொல்லல. ஒங்ககிட்ட வாங்குன காசுலதான் இந்த மணியையும் வாங்கியிருக்கான். பாவத்துல வந்த மணி எங்க ஆத்தாளுக்கு வேணாம். நீங்களே எடுத்துக்குங்க. பெரிய மனசு பண்ணி தட்டத் தொடுங்கய்யா."

"அத்தான், வாய மூடுங்க" என்றாள் சிவசக்தி.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் முன்னால் அவள் உட்கார்ந்ததுகூட இல்லை. வீரய்யா திரும்பிப் பார்த்தார். கோபப்படவும் தெரியாமல், "வா தாயி, நல்ல நேரத்துல வந்த. நீயும் ஒரு கை புடி" என்று தட்டை அவள் பக்கம் நீட்டினார்.

இதற்கு என்ன சொல்வீர்கள்? தலையில் அடித்துக்கொள்ளக்கூட அவளுக்குக் கை எழவில்லை.

இராசமணி தட்டைப் பார்த்தார். "தொட்டால் என்ன நடக்கும்?"

"தொட்டீங்கன்னா பிரச்சினை முடிஞ்சிரும்ங்க. அது எங்க மொறை."

"உங்கட முறை." இராசமணி ஒரு படி கீழே இறங்கினார். "காசு போனால் போகட்டும். என்ர மனுசி அந்தக் கதையைப் பொலிசுக்காரன்ர வாயால கேட்டவள். இண்டைக்கும் என்னோட முகம் குடுத்துக் கதைக்கிறேல்லை. அதுக்கு உங்களிட்ட ஒரு முறை இருக்கோ?"

வீரய்யாவிடம் அதற்கு முறை இல்லை. தட்டு மட்டும் நீட்டியபடியே இருந்தது.

அப்போதுதான் வாசல் திரையை விலக்கிக்கொண்டு, வெளிநாட்டிலிருந்து திரும்பிவிட்ட தர்மிளா வந்தாள். நீதிமன்றத்தில் தலையைக் குனிந்தபடி சாட்சி சொன்ன பெண்ணை சிவசக்தி தூரத்திலிருந்து பார்த்திருக்கிறாள். அன்றைக்கு அவள் மேல் எவ்வளவு ஆத்திரப்பட்டாள்! இப்போது அந்தப் பெண்ணின் காலைக் கட்டிக்கொண்டு ஒரு சின்னக் குழந்தை நின்றது. குழந்தை நேரே இறங்கி வந்து மணியின் நாக்கைப் பிடித்து இழுத்தது. மரக்காலை முழுக்க மணி கேட்டது.

"அம்மன் மணி பாப்பா, அப்படி அடிக்கப்படாது" என்றார் பூசாரி. யாரும் அவரைக் கவனிக்கவில்லை.

"மணியை வைச்சு நாங்கள் என்ன செய்யிறது?" என்றாள் தர்மிளா. வீரய்யாவைக் கேட்கவில்லை, சிவசக்தியைக் கேட்டாள். "நீங்கள்தானே அவரின்ர மனுசி? கோட்டில அவர் என்ன சொன்னவர் எண்டு ஞாபகம் இருக்கோ? கடன்தான் கேட்டனான், இந்தப் பிள்ளை கதை கட்டுது எண்டு சொன்னவர். அண்டைக்கு நீங்கள் முன் வாங்கில இருந்து தலையாட்டினீங்கள்."

தலையாட்டியது உண்மைதான்.

"உங்கட அத்தான் வந்து மன்னிப்புக் கேக்கிறார். அவரே எனக்கு இதைச் செய்தவர்? செய்தவர் சொல்லட்டும். நான்தான் செய்தனான், அந்தப் பிள்ளை பொய் சொல்லேல்லை எண்டு அவர் சொன்னால், தண்டனையைக் குறைக்கிறதில எங்களுக்கு மறுப்பில்லை எண்டு நான் எழுதித் தாறன்."

"தர்மிளா" என்று அதட்டினார் இராசமணி.

"நீங்கள் சும்மா இருங்கோ அப்பா. நீங்கள் பயந்து பயந்து குடுத்துத்தான் இவ்வளவும் வந்தது. ஒருத்தரை ஏழு வருசம் உள்ளுக்கு வைச்சு எனக்கு என்ன கிடைக்கப் போகுது? எனக்கு அந்த ஒரு சொல்லு வேணும்."

இராசமணி உள்ளே போய்விட்டார். தட்டை ஒருவரும் தொடவில்லை. சிவசக்தி தன் போன் நம்பரைத் தர்மிளாவிடம் சொன்னாள். ஏன் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. வீரய்யாவும் பூசாரியும் மணியை மறுபடி ஓட்டோவில் ஏற்றினார்கள்.

"தலைவரே, ஆறு மணி பூசைக்கு மணி வேணும்" என்றார் பூசாரி.

"பொறுய்யா."

சிவசக்தியும் வீரய்யாவும் திரும்பி வந்து சொன்ன முழுக்கதையையும் லோயர் பிரசாந்தினி நின்றபடியே கேட்டாள். நடுவில் கண்ணாடியைக் கழற்றினாள். பிறகு போட்டாள்.

"காலையில நான் என்ன சொன்னனான் சக்தி?"

"அதுக்கு முன்னாடியே கெளம்பிட்டாங்க மிஸ்."

லோயர் வீரய்யா பக்கம் திரும்பினாள். "கோட்டுக்கு இந்த மணியே தெரியாது ஐயா. இப்ப பதுளை முழுக்கத் தெரியும். இராசமணி ஐயா குடுத்த காசும் கோயிலுக்குப் போன காசும் ஒண்டெண்டு அரச தரப்பு நிரூபிக்கேல்லை எண்டு நான் ராத்திரி முழுக்க இருந்து எழுதினனான். நீங்கள் அதைத் தோளில தூக்கிக்கொண்டு போய்க் காட்டிப்போட்டு வாறியள்."

"தூக்கலீங்க மிஸ். ஓட்டோவுலதான் கொண்டு போனோம்" என்றார் வீரய்யா.

லோயர் நாற்காலியில் உட்கார்ந்தாள். இந்த மனுஷரைத் திட்டி என்ன பிரயோசனம் என்று தோன்றியிருக்கவேண்டும். கதை எழுதுகிற எனக்கே அப்படித்தான் தோன்றுகிறது.

"அந்தப் பிள்ளை உண்மையா எழுதித் தாறன் எண்டு சொன்னவவோ?"

"சொன்னாங்க மிஸ். அவரு ஒத்துக்கிட்டா."

"அப்ப கேளுங்கோ. பிள்ளையார் பிடிக்கக் குரங்கு வந்தது எண்டுதான் நினைச்சன். இந்தக் குரங்கும் உதவும்போல கிடக்கு." அவள் கணினிப் பக்கம் திரும்பினாள். "தீர்ப்பே பிழை எண்டு வாதாடினால், வெண்டால் விடுதலை. ஆனால் அந்தக் கசெட் இருக்கு. வெல்லுறது கஷ்டம். தோத்தால் ஏழு வருசமும் நிக்கும். மற்றது, குற்றத்தை ஒத்துக்கொண்டு தண்டனைக்கு மட்டும் அப்பீல் போறது. ரெண்டு தண்டனையும் ஒரே நேரத்தில ஓடட்டும் எண்டு கேக்கலாம். அப்ப ஏழு ஐஞ்சாகும். பாதிக்கப்பட்ட பிள்ளையே மறுப்பில்லை எண்டால், ஐஞ்சும் குறையலாம்."

"ரெண்டாவதே போடுவோம் மிஸ்."

"நீங்கள் சொல்லேலாது. நானும் சொல்லேலாது. அது அவர் எடுக்கிற முடிவு. நான் ரெண்டும் எழுதித் தாறன். ரெண்டையும் காட்டி, எதில கையெழுத்து வைக்கிறது எண்டு அவரையே கேளுங்கோ. கெதியாப் போங்கோ, நேரமில்லை."

இரண்டு மனுக்களும் தனித்தனி நீலக் கோப்புக்குள் வந்தன. சிவசக்தி இரண்டையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். வீரய்யா கூடவே வந்தார். வரவேண்டாம் என்றால் கேட்கிற ஆளா?

ஓட்டோ சிறைச்சாலை வாசலில் நின்றது. பூசாரி மணிக்குக் காவலாக உள்ளேயே இருந்துகொண்டார். லோயரின் கடிதத்தைக் காட்டியதும் காவலர் ஒருவர் அவர்களைக் கம்பி வலைக்குப் பக்கத்தில் கூட்டிப் போனார். வலைக்கு அந்தப் பக்கம் துஷாந்த். முடி ஒட்ட வெட்டியிருந்தது. மெலிந்திருந்தான். அவனைக் கண்டதும் அவளுக்குக் கண் நிறைந்தது. என்ன இருந்தாலும் புருஷன்.

"சாப்புட்டீங்களா?" என்றாள்.

"பெட்டிசன் கொண்டாந்தியா?"

அவள் வாய் திறப்பதற்குள் வீரய்யா முந்திக்கொண்டார். "தம்பி, நீ ஒண்ணும் யோசிக்காத. அண்ணன் இருக்கேன். இராசமணி ஐயா வீட்டுக்குத் தட்டோட போயிட்டு வந்தேன். மணியையும் கழட்டிக் கொண்டு போனேன்."

"எந்த மணிய?"

"ஒன் மணியத்தான்."

துஷாந்த் வலையைப் பிடித்துக்கொண்டான். "யாரக் கேட்டுண்ணே கழட்டுனீங்க? அதுல என் பேரு வெட்டியிருக்கு. தோட்டத்துல நாளைக்கு எவன் என்னய மதிப்பான்?"

உள்ளே ஏழு வருஷம் கிடக்கப் போகிறவனுக்கு, மணியில் வெட்டிய பெயர்தான் பெரிதாகப் போய்விட்டது. சிவசக்திக்குக் காலையிலிருந்து ஏறிக்கொண்டிருந்த எரிச்சல் எல்லாம் அந்த நிமிஷத்தில் ஒரு மாதிரி அடங்கிப்போனது. வேறு ஏதோ ஒன்று அந்த இடத்துக்கு வந்தது.

"நான் ஒண்ணு கேக்குறேன். எங்கிட்ட மட்டும் சொல்லுங்க" என்றாள். "செஞ்சீங்களா?"

அவன் காவலரைப் பார்த்தான். அவர் சற்றுத் தள்ளி வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். தமிழ் அவருக்குப் புரியாது என்று நினைத்தானோ என்னவோ, முகத்தை வலையோடு ஒட்டிவைத்துக்கொண்டு சொன்னான்.

"செஞ்சா என்ன இப்ப? அவங்களால நிரூபிக்க முடியாது சத்தி. கசெட்டுல அவங்க ரெண்டு பேரு கொரலுதான் இருக்கு. என் கொரலு இல்ல."

"கற்பூரம் அணைச்சீங்களே."

"அணைக்காட்டி நீ ஒங்கம்மா வீட்டுக்குப் போயிருப்ப."

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னான். கடைக்குப் போய்ச் சீனி வாங்கி வா என்பதுபோல. இவனுக்காக அவள் எத்தனை பேரோடு முகம் கோணியிருக்கிறாள்! ஸலீம் நானா கடைக்குத் தர்மிளாவின் அம்மா துணி எடுக்க வந்தபோது, அந்த மனுஷிக்குத் துணி விரித்துக் காட்டமாட்டேன் என்று உள்ளே போய் நின்றவள் அவள். முன் வாங்கில் உட்கார்ந்து தலையாட்டியவள்.

"அந்தப் பொண்ண இன்னைக்குப் பாத்தேன்" என்றாள்.

"எந்தப் பொண்ணு?"

எந்தப் பெண் என்று கேட்கிறான். அவள் மடியில், அவன் கண்ணில் படாமல், இரண்டு நீலக் கோப்புகள் இருந்தன. மேலே இருந்ததைக் கைப்பைக்குள் தள்ளினாள். கீழே இருந்ததைத் திறந்து, காவலரிடம் கொடுத்து உள்ளே அனுப்பினாள்.

"இங்கிலீசுல இருக்கு. என்ன எழுதியிருக்கு?"

அவள் ஒரு வார்த்தையும் மாற்றவில்லை. "நீங்க செஞ்சத ஒத்துக்கிறீங்கன்னு எழுதியிருக்கு. தண்டனைய மட்டும் கொறைக்கச் சொல்லிக் கேட்டிருக்கு. ரெண்டு தண்டனையும் ஒரே நேரத்துல ஓடணும்னு."

"உனக்குப் பைத்தியமா புடிச்சிருக்கு? நான் ஒத்துக்கிட்டு எழுதவா? லோயர் செய்யலன்னு எழுதறேன்னுதானே சொன்னாங்க. அது எங்க?"

"இது ஒண்ணுதான்."

"போன தடவை வந்தப்ப சொன்னாங்க. தீர்ப்பு பிழைன்னு எழுதறேன்னு சொன்னாங்க."

"இது ஒண்ணுதாங்க இருக்கு."

துஷாந்த் அவளை விட்டுவிட்டு அண்ணன் பக்கம் திரும்பினான். "அண்ணே, நீங்க சொல்லுங்க. லோயர் வேற ஏதும் குடுத்தாங்களா?"

வீரய்யாவின் வாயில் ஒரு விஷயம் தங்கி எவரும் பார்த்ததில்லை. தோட்டத்தில் யாருக்கு எப்போது சம்பந்தம் பேசினார்கள் என்பது முதல், துரை யாரைத் திட்டினார் என்பது வரை, அவர் வாய் வழியாகத்தான் ஊருக்குப் போகும். காலையில் மணி விஷயத்தைக் கொண்டுபோய்க் கொட்டியவரும் அவர்தான்.

வீரய்யா தம்பியைப் பார்த்தார். பிறகு சிவசக்தியின் கைப்பையைப் பார்த்தார். நீலக் கோப்பின் முனை வெளியே தெரிந்தது. மெதுவாக அவளுக்கு முன்னால் வந்து, பை மறைகிறமாதிரி நின்றுகொண்டார்.

"எனக்கு என்னப்பா தெரியும்? நான் மணி தூக்குனவன்" என்றார்.

காவலர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "ஹரி, ஹரி, இக்மன் கரன்ன" என்று சிங்களத்தில் அவசரப்படுத்தினார். பேனா உள்ளே போனது. துஷாந்த் தாளை வெறித்துக்கொண்டு நின்றான். கையெழுத்துப் போட்டால் செய்தவன். போடாவிட்டால் அப்பீலே இல்லை.

"வெளிய வந்து பேசிக்கிறேன் ஒன்கிட்ட" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டான். தாள் கிழிகிற அளவுக்கு அழுத்திப் போட்டான். தாளை வாங்கிக்கொண்டு திரும்பியவர்களுக்குப் பின்னால் அவன் குரல் கேட்டது. "அண்ணே, மணிய மறுபடி மாட்டிருங்க."

வீரய்யா திரும்பவில்லை. ஓட்டோவில் ஏறிய பிறகுதான், "மாட்ட மாட்டேன் தாயி" என்றார். பூசாரி ஆறு மணிப் பூசையைப் பற்றி ஆரம்பித்தார். "கையால தட்டுங்கய்யா இன்னைக்கு" என்று அவர் வாயை அடைத்தார் வீரய்யா.

பதிவகத்தில் அலுமாரிகளைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். லோயர் பிரசாந்தினி கதவடியிலேயே நின்றாள். கோப்பைப் பறிக்காத குறையாக வாங்கி உள்ளே ஓடினாள். இலிகிதர் முணுமுணுத்துக்கொண்டே பூட்டிய அலுமாரியை மறுபடி திறந்து முத்திரையை எடுத்தார். முத்திரை விழுந்த சத்தம் வெளியில் நின்ற சிவசக்திக்குக் கேட்டது. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

வெளியே வந்த லோயர் அவளுக்குப் பக்கத்தில் நின்றாள். "அப்ப, அவர் ஒத்துக்கொண்டவர்."

"கையெழுத்துப் போட்டாரு மிஸ்."

"நான் அதைக் கேக்கேல்லை."

சிவசக்தி கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"மற்ற மனு எங்க சக்தி?"

"அது தேவைப்படல மிஸ்."

லோயர் அவளையே பார்த்தாள். ஏதோ கேட்க வாய் திறந்தாள். கேட்காமல் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தாள். நாளைக்கு அவள் கேட்பாள். கேட்காமல் விடுகிற ஆள் அவள் இல்லை.

அந்த நேரத்தில் போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"நான் தர்மிளா. போட்டாச்சோ?"

"போட்டாச்சுங்க. ஒத்துக்கிட்டுத்தான் போட்டிருக்கு."

"பேப்பரில ஆரும் எதையும் எழுதலாம். நான் சொன்னது ஞாபகம் இருக்குத்தானே? எனக்கு அவர் வாயால கேக்கவேணும். சனிக்கிழமை நான் ஜெயிலுக்கு வாறன். எனக்கு முன்னால அவர் அதைச் சொல்லவேணும். சொல்லாட்டி நான் ஒரு எழுத்தும் எழுதித் தரமாட்டன். தண்டனை போதாது எண்டு சட்டமா அதிபரிட்ட அப்பா முறையிடப் போறார், அவரையும் நான் தடுக்கமாட்டன்."

வீரய்யா ஓட்டோவுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். பூசாரியின் கை மணியின் மேல் இருந்தது. சிவசக்தி கைப்பையைத் தொட்டுப் பார்த்தாள். அந்த நீலக் கோப்பு அங்கேதான் இருந்தது. சனிக்கிழமை துஷாந்த் வாய் திறப்பான் என்று அவளால் சொல்லமுடியாது. வாய் திறந்து, "என் பெஞ்சாதி என்னய ஏமாத்திக் கையெழுத்து வாங்குனா" என்று சொல்லவும் கூடும்.

"நீங்கள் லைனில நிக்கிறீங்களோ? உங்களுக்கு விருப்பமில்லாட்டி இப்பவே சொல்லிப்போடுங்கோ" என்றாள் தர்மிளா.

"வாங்க" என்றாள் சிவசக்தி. "எங்கிட்ட அவரு சொல்லிட்டாருங்க, காதோட காதா. அது எனக்குப் பத்தாது. ஒங்களுக்கு முன்னாடி சத்தமா சொல்றத நானும் கேக்கணும்."